சாட்டை இல்லாமல் குதிரை ஓட்டிய வரலாறு

சாட்டை இல்லாமல், குச்சி இல்லாமல், ஒரு கடுஞ்சொல்கூட இல்லாமல் குதிரையை ஓட வைக்கும் முறையை உலகத்துக்கு வழங்கிய ஊர் செங்கருவை. பந்தயக் குதிரைகள் படும் பாட்டைப் பற்றி வெளிநாடுகளில் பெரிய படிப்பாளிகள் மாநாடு போட்டு, மதியச் சாப்பாடு சாப்பிட்டு, மறுபடியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் வழி பிடிபடவில்லை. எங்களுக்கு ஆடிக்கும் புரட்டாசிக்கும் நடுவில் பிடிபட்டுவிட்டது.

இந்த வரலாற்றை எழுதும் தகுதி எனக்கு முறைப்படி உண்டு. பெயர் குருநாதன். சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். மேற்படி ஊரில் இயங்கும் 'சேது புயல் அகில உலக ரசிகர் நற்பணி மன்ற'த்தின் செயலாளர். அதன் 'விலங்கு நல உபகுழு'வின் தலைவர், பொருளாளர், உறுப்பினர் மூவரும் நானே. அதனால் அந்தக் குழுவில் இதுவரை கருத்து வேறுபாடு வந்ததே இல்லை.

சேது புயல் என்பது குதிரை. ஏதோ ஒரு பெரிய நகரத்து ரேஸ் மைதானத்தில் நான்கு வருடம் ஓடி, ஐந்தாவது வருடம் ஜெயிக்காததால் கழித்துக் கட்டப்பட்ட உயர்ரகக் குதிரை. அங்கே அதற்கு வாய்க்குள் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. தகப்பன் யார், பாட்டன் யார் என்று ஏழு தலைமுறை எழுதிய காகிதமும் கூடவே வந்தது. எங்கள் வட்டாரத்தில் நான் எழுதிய எந்தப் பத்திரத்திலும் அவ்வளவு சுத்தமான வாரிசு விவரம் இருந்ததில்லை. அதை வாங்கி வந்தவர் எங்கள் மன்றத் தலைவர் தங்கப்பாண்டி. மூன்று ஏக்கர் மிளகாயும் நாற்பது ஏக்கர் சீமைக்கருவேலமும் உள்ளவர். மிளகாய் அவர் போட்டது. கருவேலம் தானே வந்தது.

எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் குதிரை வண்டிப் பந்தயம் இல்லாவிட்டால் சாமிக்கே திருப்தி இருக்காது. ஒற்றைக் குதிரை பூட்டிய சின்ன வண்டி. அதில் ஒரு சாரதி. கடற்கரைச் சாலையில் ஐந்து மைல் ஓடி, எல்கை என்று கொடி நட்டிருக்கும் இடத்தில் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு வர வேண்டும். பின்னாலேயே இருநூறு பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு வரும். குதிரைக்கு அது உற்சாகம் தருவதாகப் பைக்கில் வருகிறவர்கள் அனைவரும் ஒருமனதாகக் கூறியிருக்கிறார்கள்.

சேது புயல் இரண்டு வருடத்தில் ஒன்பது பந்தயம் ஜெயித்தது. நாங்கள் அதன் மேல் வைத்த அன்பைச் சொல்லி மாளாது. தொண்டி முதல் வாலிநோக்கம் வரை அதன் முகம் பதித்த பிளக்ஸ் இல்லாத பஸ் நிறுத்தம் கிடையாது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் பிளக்ஸுக்குப் பால் அபிஷேகம் செய்தோம். பிறந்தநாளுக்கு ஐந்து கிலோ கிரீம் கேக் வெட்டி அதன் வாயிலேயே ஊட்டினோம். அன்று சாயங்காலம் குதிரை வயிறு உப்பித் தரையில் புரண்டது. கால்நடை மருத்துவர் துர்காதேவி வந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு அதைப் பிழைக்க வைத்தார். கேக் கொடுத்தது யார் என்று கேட்டார். நாற்பது பேர் கை தூக்கினோம். அன்பு என்று வந்துவிட்டால் எங்களில் யாரும் பின்வாங்குவதில்லை.

இந்த துர்காதேவிதான் எங்கள் மன்றத்தின் வளர்ச்சிக்கு இடையூறாக இருந்தவர். படித்தவர், இளம் வயது, முகத்துக்கு நேரே பேசுகிறவர். சித்திரைப் பந்தயம் முடிந்த மறுநாள் சேது புயல் முன்னங்காலை ஊன்றவே யோசித்தது. அவர் மண்டியிட்டு அந்தக் காலை மேலிருந்து கீழாகத் தடவினார். ஓர் இடத்தில் கை நின்றது. குதிரை தலையைத் தூக்கிக்கொண்டது.

"நாலு மாசத்துக்கு இத வண்டில பூட்டக் கூடாது. பூட்டினா நரம்பு அந்துரும். குதிரைக்குக் கால் போச்சுன்னா நான் வைத்தியம் பாக்க வர மாட்டேன் சார், ஊசி போட்டு முடிக்கத்தான் வருவேன்" என்றார்.

தங்கப்பாண்டி பொறுமையாக விளக்கம் கொடுத்தார். உயர்ரகக் குதிரை என்பது ஓடுவதற்காகவே பிறந்தது, ஓடாவிட்டால்தான் அதற்கு மன வருத்தம் என்றார். துர்காதேவி என் பக்கம் திரும்பி, "சார் பத்திரம் எழுதவே பொறந்தவருதான? அவர யாராச்சும் அடிச்சா எழுத வைக்கிறாங்க?" என்று கேட்டார். இந்த வாதத்தில் சட்டப்படி ஏதோ ஓட்டை இருக்கிறது. இன்று வரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆடி மாதம் எங்கள் ஊர்த் திருவிழா. அதற்குள் நாற்பது ஊர்களில் 'புயல் மீண்டும் கரையைக் கடக்கிறது' என்று பிளக்ஸ் ஏறிவிட்டது. தொண்டிப் பக்கத்தில் 'தென்றல்' என்று ஒரு குதிரை, அதற்கும் ரசிகர்கள். அவர்கள் சேது புயல் படத்துக்குக் கைத்தடியும் மூக்குக் கண்ணாடியும் வைத்து வாட்ஸாப்பில் விட்டார்கள். மானப் பிரச்சினை என்றால் இதுதான். அவசரப் பொதுக்குழு கூடியது.

உபகுழு சார்பில் நான் எழுந்து, நமக்கு முதலில் குதிரையின் நலம், பிறகுதான் பந்தயம் என்று பேசினேன். பலத்த கைதட்டல். பிறகு பந்தயத்தைப் பற்றிப் பேசினோம். அரசு அனுமதியில் இருபத்து மூன்று நிபந்தனைகள். ஒன்பதாவது, சாட்டை கூடாது. அதில் பிரம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதால், எங்கள் சாரதி சுரேஷ் வைத்திருக்கும் பிரம்புக்கு 'ஊக்கக் கோல்' என்று பெயர் சூட்டித் தீர்மானம் நிறைவேறியது. பதினான்காவதுதான் சிக்கல். பந்தயத்தன்று காலையில், புறப்படும் இடத்திலேயே, ஒவ்வொரு குதிரையையும் மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும்.

"சான்று ஒரு குதிரைக்கு வாங்குவோம், ஓடுறது நம்ம குதிரை ஓடட்டும். இதே மாதிரி நெத்தில வெள்ளை உள்ள செவலைக் குதிரை வேற எங்கனயும் இல்லையா என்ன?" என்றார் தங்கப்பாண்டி.

இருந்தது. இராமேஸ்வரம் கடற்கரையில் இருந்தது. பெயர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளையின் சொந்தக்காரர் ஹமீது. கல்யாணம் இருந்தால் சாரட்டில் பூட்டி மாப்பிள்ளை ஊர்வலம் போவார். இல்லாத நாளில் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிப் போட்டோ எடுக்கவிட்டுப் பிழைப்பார். அந்த ஒரு குதிரையை நம்பி வீட்டில் ஐந்து பேர். நான் போனபோது மாப்பிள்ளையின் மேல் ஒரு வடநாட்டுக் குழந்தை உட்கார்ந்திருந்தது. தகப்பன் போனைத் தூக்கினார். குதிரை உடனே வலது முன்னங்காலை அரை அடி முன்னால் வைத்து, கழுத்தை வளைத்து, காதுகளை நிமிர்த்திக்கொண்டு நின்றது. கண்ணோரம் ஈ உட்கார்ந்தும் இமைக்கவில்லை. போன் இறங்கியதும் தலையைத் திருப்பி ஹமீதின் சட்டைப் பையை முகர்ந்தது. அவர் ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தார்.

முன்னொரு தடவை படம் எடுக்கும்போது குதிரை அசைந்து ஒரு பிள்ளை விழுந்துவிட்டதாம். அதற்குப் பிறகு ஆறு மாதம் பழக்கினாராம். போன் மேலே இருந்தால் அசையக் கூடாது, இறங்கினால் கருப்பட்டி. "ஒரு அடி அடிச்சதில்லண்ணே. இனிப்பக் காட்டியே சொல்லிக் குடுத்தேன். இப்ப இடியே விழுந்தாலும் போனு இறங்காம நகராது" என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையை என் மகன் பரீட்சையில் தேறியபோது என் முகத்தில்கூட நான் பார்க்கவில்லை.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். இரண்டு மூட்டை கொள்ளும் ஒரு வண்டிப் புல்லும் தருவதாகத் தலைவர் சொல்லச் சொன்னார். அந்த மாதத்தில் தீவில் புல் ஏது. இருந்தாலும் ஹமீது தயங்கினார். டாக்டருக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான் வேலை, ஓட வேண்டியதில்லை என்று நான் மூன்று தடவை சொன்னேன். அப்படியும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், தொழில் பழக்கத்தில் பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்து எழுதியே கொடுத்துவிட்டேன். 'மேற்படி குதிரையை எக்காரணம் கொண்டும் பந்தயத்தில் ஓட்டுவதில்லை என இதன் மூலம் மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன்.' கீழே என் கையெழுத்து. ஹமீது அதை நான்காக மடித்து, கருப்பட்டி இருந்த பையில் வைத்துக்கொண்டார்.

திருவிழா நாள் விடிந்தது. மாப்பிள்ளை பாம்பன் பாலம் தாண்டிக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் வந்து இறங்கியது. சேது புயல் பக்கத்துத் தென்னந்தோப்பில், தார்ப்பாய் மறைப்புக்குப் பின்னால், காலில் இறுக்கிக் கட்டிய கட்டோடு காத்திருந்தது. சான்று கைக்கு வந்ததும் அது வெளியே வரும், இது உள்ளே போகும். ஏற்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

துர்காதேவி குதிரையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். போன வாட்டிக்கு இப்போது இளைத்துவிட்டதே என்றார். ரசிகர்களைப் பார்க்காத ஏக்கத்தில் இளைத்துவிட்டது என்றேன்.

"உயரமும் இளைக்குமா சார்?"

உபகுழு இதற்குத் தயாராக வரவில்லை. அவர் குனிந்து முன்னங்காலைத் தடவினார். கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். பிறகு சான்றோடு இணைக்கப் படம் வேண்டும் என்று போனைத் தூக்கினார். தூக்க வேண்டியதுதான் தாமதம். காலை முன்னால் வைத்து, கழுத்தை வளைத்து, காதை நிமிர்த்தி, கல்யாண ஆல்பத்துக்கு நிற்பதுபோல் நின்றது குதிரை. கயிற்றைப் பிடித்திருந்த ஹமீதுக்குப் பெருமை பொறுக்கவில்லை. "படம்னா மாப்பிள்ள அசையவே மாட்டான் டாக்டர்" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

துர்காதேவி கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் நிதானமாகச் சான்றில் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "போன லீவுல என் மகளே இதுமேல ஏறியிருக்கா சார். தோப்புல என்ன நிக்குதுன்னும் தெரியும். அந்தக் கால வச்சுக்கிட்டு அது இன்னைக்கு ஓடக் கூடாது. இதுக்குக் கால் நல்லா இருக்கு. சான்று இதுக்குத்தான குடுத்திருக்கேன், இதையே பூட்டுங்க. கொடி விழுற வரைக்கும் நான் இங்கனயே நிப்பேன்" என்றார்.

நின்றார். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தோம், வாங்கிக் குதிரைக்குக் காட்டினார். ஒலிபெருக்கியில் சேது புயலின் பெயரை ஏழாவது தடவையாகக் கூப்பிட்டுவிட்டார்கள். சாலையின் இரண்டு பக்கமும் ஆயிரம் பேர். தென்றல் ரசிகர்கள் கைத்தடியோடு வந்து காத்திருந்தார்கள்.

ஹமீது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிக்கத்தானண்ணே சொன்னீங்க. எழுதிக்கூடக் குடுத்தீங்கள்ல."

நான் தலைவரைப் பார்த்தேன். "இம்புட்டுக் கூட்டம் நிக்கிது, இப்பப் போயி பத்திரம் கித்திரம்ங்கிற" என்றார் அவர். இருபத்தாறு வருடம் பத்திரம் எழுதியவனுக்கு எந்தப் பத்திரம் எப்போது செல்லாது என்று தெரியாமல் போகுமா. நான் ஹமீதின் கையை மெதுவாக விலக்கினேன். துர்காதேவி குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பத்திரம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிவிக்கும் கடமை உபகுழுவுக்கு இருந்தது. உபகுழு வாயைத் திறக்கவில்லை.

கொடி விழுந்தது. பத்துக் குதிரைகள் புழுதி கிளப்பிப் போயின. பதினோராவது அசையாமல் நின்றது. வலது கால் முன்னால், கழுத்து வளைவு, காது நிமிர்வு எல்லாம் முறைப்படி இருந்தன. ஏனென்றால் ஆயிரம் ரசிகர்களும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

'குதிரை தியானத்தில் இருக்கிறது' என்று ஒலிபெருக்கியில் சமாளித்துப் பார்த்தார்கள். கூட்டம் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பைக்குகளை உதைத்தது. போன்கள் இறங்கின. மாப்பிள்ளை கருப்பட்டிக்காகத் தலையைத் திருப்பிப் பார்த்தது. ஹமீதைக் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டிருந்தார்கள். சுரேஷ் கயிற்றைச் சுண்டினான். குதிரை புறப்பட்டது.

நியாயமாகச் சொன்னால் அது நன்றாகவே ஓடியது. ஊர் தாண்டி, உப்பங்கழி ஓரம், சாலையில் மனிதர் யாரும் நிற்காத இரண்டு மைலில், பிடரி பறக்க அப்படி ஒரு ஓட்டம். பைக்கில் இருந்தவர்கள் வண்டி ஓட்டுவதில் மும்முரமாக இருந்ததால் யாரும் படம் எடுக்கவில்லை. இரண்டு வண்டிகளை அது தாண்டியதை ஒரு பைக்கின் பின்னால் உட்கார்ந்து நான் கண்ணால் பார்த்தேன். பந்தயம் பார்த்து வந்த இத்தனை வருடங்களில் ஒரு குதிரை சந்தோஷமாக ஓடியதை நான் பார்த்தது அன்றுதான். அந்த இரண்டு மைலுக்கும் ஒரு படம்கூடச் சாட்சி இல்லை.

அடுத்து ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. அங்கே முப்பது போன். மாப்பிள்ளை நின்று போஸ் கொடுத்தது. சுரேஷ் ஊக்கக் கோலைப் பயன்படுத்தி ஊக்கினான். அது நகரவில்லை. முப்பது பேரும் எடுத்து முடித்த பிறகு புறப்பட்டது. அதற்கடுத்து ஒரு டீக்கடை, அதற்கடுத்து ஒரு பள்ளிக்கூடம். ஒவ்வொரு இடத்திலும் ஊக்கம் கூடிக்கொண்டே போனது. எல்கைக்கு வந்து சேர்ந்தபோது மற்ற வண்டிகள் எல்லாம் திரும்பிப் போய்விட்டிருந்தன. சுரேஷின் கையிலிருந்த பிரம்பு நுனி பிளந்திருந்தது.

எல்கை என்பது மணல்மேட்டுக்குச் சாலை பிரியும் விலக்கு. பந்தயத்தின் அழகே அங்கேதான் என்று இருபக்க ரசிகர்களும் அங்கே கூடியிருந்தார்கள். ஒரு ஐந்நூறு பேர் இருக்கும். ஐந்நூறு போன்களும் மேலே போயின. மாப்பிள்ளை கொடிக்குப் பக்கத்தில் நின்றது. அது நின்ற தோரணையைப் பார்த்து தென்றல் ஆட்கள் கல்யாணப் பாட்டுப் பாடினார்கள். எங்கள் ஆட்களுக்கு மானம் போனது. "அடிடா, அடிடா" என்று யார் முதலில் கத்தினார்கள் என்பது இன்றுவரை விசாரணையில் இருக்கிறது. சுரேஷ் இறங்கி வந்து அடித்தான். அவன் அடி போதவில்லை என்று இன்னும் நாலு பேர் இறங்கினார்கள். ஒருவன் பெல்ட்டைக் கழற்றினான்.

குதிரையின் தோல் ஒவ்வோர் அடிக்கும் துடித்தது. கால் நடுங்கியது. ஆனால் முன்னால் வைத்த காலை அது எடுக்கவில்லை, வளைத்த கழுத்தை இறக்கவில்லை. யாரோ வீசிய அடி கண்ணுக்கு மேலே பட்டு ரத்தம் வழிந்தது. அப்போதும் அது எங்களைப் பார்த்தபடியே நின்றது. போன் இறங்குகிற வரைக்கும் நல்ல பிள்ளையாக நிற்க வேண்டும், இறங்கியதும் இனிப்பு வரும். அதற்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

ஹமீது யாரோ ஒருவருடைய பைக்கில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். செருப்பு இல்லை. "போன இறக்குங்கய்யா. அல்லாவுக்காக இறக்குங்க. நீங்க இறக்குனா அது போயிரும்யா" என்று ஒவ்வொருவரிடமும் ஓடி ஓடிக் கும்பிட்டார். அவர் கும்பிடுவதையும் எடுத்தார்கள். என் முன்னாலும் வந்து நின்றார். என் சட்டையில் 'விலங்கு நலம்' என்று பேட்ஜ் குத்தியிருந்தது. என் கையிலும் போன் இருந்தது. உபகுழுவின் கடமைகளில் 'ஆவணப்படுத்துதல்' என்பதும் ஒன்று. நான் ஆவணப்படுத்திக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, குதிரையின் கண்ணோடு சேர்த்து முகத்தை மூடினார். எங்களைப் பார்க்க முடியாமல் போனதும் மாப்பிள்ளை காலை எடுத்தது. அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்தது. கூட்டம் தானாக வழி விட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. செயலாளர் என்ற முறையில் அதை நான் எங்கேயும் பதிவு செய்யவில்லை.

துர்காதேவி ஜீப்பில் வந்து சாலையோரத்திலேயே தையல் போட்டார். அப்போதுதான் ஹமீது அந்தப் பத்திரத்தை அவரிடம் காட்டினார். அவர் அதை இரண்டு தடவை படித்தார். "ஒரு குதிரையக் காப்பாத்துறேன்னு இன்னொண்ணக் கொண்டுபோயி விட்டுட்டேனே பாய். நானும்ல கையெழுத்துப் போட்டேன்" என்றார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

வீடியோ மூன்று நாளில் ஊரெல்லாம் பரவியது. ஜெர்மனியில் இருந்தெல்லாம் எங்களைத் திட்டினார்கள். மன்றம் உடனடியாகக் கண்டனக் கூட்டம் போட்டது. குதிரையை அடித்த 'சமூக விரோதிக'ளைக் கண்டித்து அடித்தவர்களே ஆவேசமாகப் பேசினார்கள். பெல்ட் கழற்றியவன் பேசும்போது குரல் தழுதழுத்தது. சேது புயல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கால் ஆற இன்னும் நாளாகும் என்று தெரிந்ததும் தலைவர் அதை ஒரு லாரியில் ஏற்றி அனுப்பினார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அது போகும்போது ஒருவர்கூடப் பால் அபிஷேகம் செய்யவில்லை. அதே பிளக்ஸ்களின் மேல் இப்போது புதுக் குதிரையின் படம் ஒட்டியிருக்கிறது.

கெட்ட பெயரைத் துடைக்க என்ன செய்யலாம் என்று யோசித்து, புரட்டாசியில் இராமேஸ்வரம் கடற்கரையிலேயே பாராட்டு விழா வைத்தோம். ஹமீதுக்கு 'விலங்கு நேயச் செம்மல்' பட்டம். மாப்பிள்ளைக்கு 'பொறுமைத் திலகம்'. பொன்னாடை, மாலை, ஒலிபெருக்கி எல்லாம் இரண்டு வேனில் வந்தன. துர்காதேவிக்கும் அழைப்பு அனுப்பினோம். வரவில்லை.

ஹமீது விழாப் பந்தலுக்கு எதிரே குதிரையைப் பிடித்தபடி நின்றார். கண்ணுக்கு மேலே தையல் ஆறிவிட்டது. அங்கே மட்டும் முடி வெள்ளையாக முளைத்திருந்தது. சவாரி எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். அந்த நாளுக்குப் பிறகு யாரையும் ஏற்றவில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் பையிலிருந்து நான்காக மடித்த முத்திரைத்தாளை எடுத்து என் கையில் வைத்தார். கருப்பட்டிப் பிசுக்கு ஒட்டி என் கையெழுத்து கலங்கியிருந்தது.

"இத வச்சுக்கிருங்கண்ணே. கருப்பட்டி மடிச்சு வச்சிருந்தேன். இப்ப அதுவும் தேவப்படல, வாங்கித் திங்க மாட்டேங்குது" என்றார்.

நான் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்குள் தலைவர் மாலையோடு வந்துவிட்டார். குரூப் போட்டோ எடுக்க வேண்டும், எல்லோரும் குதிரையைச் சுற்றி நில்லுங்கள் என்றார். ஹமீது பதறி, படம் மட்டும் வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன், படம் மட்டும் வேண்டாம் என்றார். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டோம். எண்பது பேர் போனைத் தூக்கினோம்.

மாப்பிள்ளை ஒரு கணம் எங்களைப் பார்த்தது. வலது காலை முன்னால் வைக்கவில்லை. காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன. ஹமீதின் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, பந்தலைத் தாண்டி, அலையோரத்தில் விழுந்தடித்து ஓடியது. பொன்னாடை காற்றில் போனது. சேது புயல் ஒன்பது பந்தயத்திலும் அப்படி ஓடியதில்லை. ஹமீது பின்னாலேயே, "வாப்பா, ஒண்ணுமில்ல வாப்பா, நில்லு வாப்பா" என்று கத்திக்கொண்டு ஓடினார். இருவரும் புள்ளியாகி மறைந்தார்கள். குழந்தை ஏற்றிப் படம் எடுக்கும் கடற்கரையில், போனைக் கண்டால் ஓடும் குதிரைக்கு என்ன பிழைப்பு இருக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தலைவருக்கு வேறொன்று உறைத்தது. அவர் நெற்றியில் கையை வைத்து அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குருநாதா, என்னா ஓட்டம் பாத்தியா. பிரம்பு வேணாம், சாட்டை வேணாம். பின்னாடி நின்னு எல்லாரும் போனத் தூக்குனாப் போதும், எல்கையத் தொட்டுட்டு வந்துரும். அடுத்த ஆடிக்கு இதையே பூட்டிருவோம். எழுதிக்க" என்றார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எழுத வேறு தாள் இல்லாததால், ஹமீது திருப்பிக் கொடுத்த முத்திரைத்தாளின் பின்பக்கத்தில், கருப்பட்டி படாத இடமாகப் பார்த்து, தீர்மானத்தை எழுதினேன். சாட்டை கூடாது என்ற நிபந்தனை எண் ஒன்பது முழுமையாக நிறைவேறிவிட்டது. குதிரையை ஓட்ட இனி எந்த ஆயுதமும் தேவையில்லை என்று இதன் மூலம் அறிவிக்கப்படுகிறது. நாங்கள் போய் நின்று முகத்தைக் காட்டினால் போதும்.